செடி சாய்ந்த மாதம்

கானாவின் காசுக்குச் செடி என்று பெயர்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
திரையில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை ஜெனவீவ் என்ன என்றாள்.
விளக்கினேன்.
"அப்படியானால் தண்ணீர் ஊற்று" என்றாள்.

ஒட்டாவா. ஜனவரி. ஒன்பதாம் மாடி.
கீழே ரிடோ கால்வாய் உறைந்து கிடக்கிறது.
மஞ்சள் அங்கி போட்ட ஒருவர்
பனிக்கட்டியில் துளையிட்டுக் கோல் விட்டு அளக்கிறார்.
முப்பது சென்டிமீட்டர் தேறினால் பச்சைக் கொடி.
அதுவரை
சறுக்குக் காலணியைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஊரே கரையில் நிற்கும்.

ஏற்றுமதிக் காப்புறுதி என்றால் என்னவென்று
யாராவது கேட்டால்
அந்த மனிதரைக் காட்டிவிடுவேன்.

மூஸ் ஜாவில் டேரில் ஹ்ரின்சுக்கின் பட்டறை.
பதினாலு பேர்.
மக்காச்சோளம் உலர்த்தும் யந்திரம் செய்கிறார்கள்.
தமாலேயில் ரகியா ஃபுசெய்னியின் கூட்டுறவு.
அறுநூறு உழவர்கள்.
காயவைக்க வழியில்லாமல்
மூன்றில் ஒரு மூட்டையைப்
பூஞ்சைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள்.
இவருக்கு விற்க ஆசை, அவருக்கு வாங்க ஆசை.
நடுவே ஒரு சமுத்திரம்,
அதைவிட அகலமாய் ஒரு பயம்.

மண்குதிரைப் பழமொழி டேரிலுக்குத் தெரியாது.
தொலைபேசியில் அவர் கேட்டது அதைத்தான்:
"பணம் வராட்டி
பதினாலு பேருக்கும் நான் என்ன சொல்லுறது?"

பத்திரத்தை விரித்தேன்.
போர். பறிமுதல். நாணய மாற்றுத் தடை.
உள்நாட்டுக் கலவரம் என்பதற்கு
ஒன்றரைப் பக்கம் விளக்கம் இருக்கிறது.
எழுதியவர் எவரும்
ஊரடங்கில் பாண் வாங்கப் போனவராகத் தெரியவில்லை.
நான் போயிருக்கிறேன்.
படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.

தொண்ணூறு சதவீதம் எங்கள் பொறுப்பு.
நாட்டின் தரம் ஐந்து, ஆகவே பிரீமியம் இவ்வளவு.
டேரில் அதை விலையில் ஏற்றினார்,
விலை ரகியாவின் தலையில் ஏறியது.
மழை கூடிய ஊருக்குத்தான்
குடை வாடகையும் கூட.
ஆண்டறிக்கை இதை வளர்ச்சி என்று சொல்லும்.
நான் குடை என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.
குடையில்லாமல் இங்கிருந்து
ஒரு திருகாணிகூடப் புறப்பட்டிராது
என்பதும் உண்மை.

யந்திரம் போய்ச் சேர்ந்தது.
இரண்டு தவணை வந்தது.
மூன்றாவதற்கு முந்திய மாதம்
செடி சாய்ந்தது.
ரகியா கட்டிய பணம்
டாலராக மாற முடியாமல்
அந்த ஊர் வங்கியிலேயே நின்றுவிட்டது.

நூற்றெண்பது நாள் காத்திருக்க வேண்டும், விதி.
நூற்றெண்பத்தோராம் நாள் டேரிலுக்கு இழப்பீடு அனுப்பினேன்.
"யாரையும் நிறுத்தவில்லை" என்று
ஒற்றை வரி வந்தது.
பிறகு ரகியாவுக்கு எழுதவேண்டும்:
இனி நீங்கள் கடன்பட்டிருப்பது எங்களிடம்.
மூன்று தரம் தொடங்கி
மூன்று தரமும்
அன்புள்ள என்பதிலேயே நின்றேன்.

மறுநாளே பதில்.
மன்னிப்பு இல்லை, கெஞ்சல் இல்லை.
"ஈரப்பதம் பதின்மூன்று சதவீதம்.
இந்த அறுவடையில் ஒரு மூட்டையும் கறுக்கவில்லை.
பள்ளிக்கூடச் சமையலுக்கு எங்களிடம் எடுக்கிறார்கள்.
உங்கள் பணம் வங்கியில் தூங்குகிறது,
தட்டி எழுப்பவேண்டியது நானல்ல.
இரண்டாவது யந்திரத்துக்கு விலை கேட்டிருக்கிறேன்.
இம்முறை எங்கள் தரம் எத்தனை?"

ஏழு.

கோப்பில் குறிப்புக்கென்று ஒரு பெட்டி உண்டு.
எழுதினேன்:
நாணயம் விழுந்தது, நாணயம் விழவில்லை.
அந்தப் பெட்டி
ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே ஏற்கும்.
இரண்டிலும் முயன்றேன்.
இரண்டிலும் அது
ஒன்றுக்கொன்று முரணான வாக்கியமாய்ப் போனது.
அழித்துவிட்டு,
வாங்குபவர் கட்டினார், தேதி, தொகை என்று போட்டேன்.

மறுபடி ஜனவரி.
கீழே சிவப்புக் கொடி.
மஞ்சள் அங்கிக்காரர்
நேற்றைய துளையை விட்டு
பத்தடி தள்ளி
இன்னொன்று போடுகிறார்.